முன்பணம் கொடுக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்!

மும்பையிலும் ஊரிலும் வீடு வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள் பெரியவர்கள். மும்பையில் கட்டிப் பார்க்க இடம் ஏது? வாங்கித்தான் பார்க்க வேண்டும். அதுவே கல்யாணத்தைவிடப் பெரிய காரியமாக இருக்கிறது.

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஒற்றை அறையில் இருபது ஆண்டு வாடகை கொடுத்து வாழ்ந்த குடும்பம், பிள்ளைகள் தலையெடுத்ததும் சொந்தமாக ஒரு பிளாட் தேடிப் புறப்படுகிறது. நகரத்துக்குள் விலை எட்டுவதில்லை. ரெயில் ஏறி டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், நாலாசோப்பாரா, விரார் என்று போகிறார்கள்.

ஏஜெண்ட் கூட்டிப் போய்க் காட்டுகிறார். புது பெயிண்ட் வாசனை அடிக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. வீட்டுக்கார அம்மாவுக்குச் சமையல் அறை பிடித்துப் போகிறது. "இன்றைக்கே டோக்கன் கொடுத்தால்தான் இந்த விலை. நாளைக்குக் கிடையாது" என்கிறார் ஏஜெண்ட். பிராவிடண்ட் பணமும் நகையை அடகு வைத்த பணமும் அன்று மாலையே கைமாறி விடுகின்றன.

சுவரைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். காகிதத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை!

65 கட்டிடங்கள் சொல்லும் பாடம்

கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி எல்லையில் சட்டவிரோதமாக எழுந்த 65 கட்டிடங்களை இடிக்கும்படி 2024 நவம்பரில் மும்பை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. மாநகராட்சி அனுமதி கொடுத்தது போல போலிக் காகிதம் தயாரித்து, அதைக் காட்டியே "மகாரெரா" எனப்படும் மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண்ணும் வாங்கியிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்து நம்பிப் பணம் போட்ட குடும்பங்கள் தவித்துப் போயின. ஏமாற்றியவர்கள் வேறு, வீடு போகுமோ என்று பயந்தவர்கள் வேறு.

உயிரே போன கதையும் உண்டு. மும்பரா அருகே ஷீல் பாட்டாவில் 2013 ஏப்ரல் 4-ந் தேதி, அனுமதியின்றிக் கட்டப்பட்டு வந்த அடுக்குமாடிக் கட்டிடம் சரிந்து 74 பேர் இறந்தார்கள்.

இவற்றிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். விற்பவர் காட்டும் நகலை நம்பி முடிவு செய்யக் கூடாது. அதே காகிதத்தை அது பிறந்த அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். மும்பை பிளாட்டுக்கும் இதுவே விதி. ஊரில் வாங்கும் மனைக்கும் இதுவே விதி.

புது வீடு என்றால்

முதலில் பார்க்க வேண்டியது கட்டுமானத் தொடக்கச் சான்று. "சி.சி." என்று சொல்வார்கள். எத்தனை மாடி வரை கட்ட அனுமதி என்பது அதில் இருக்கும். ஐந்து மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி கட்டியவரிடம் ஏழாவது மாடியில் வீடு வாங்கினால், வாங்கியது வீடல்ல, வழக்கு! அந்தச் சான்றின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது குடியேறத் தகுதிச் சான்று. இது "ஓ.சி." இந்தச் சான்று இல்லாத கட்டிடத்தில் தண்ணீர் இணைப்பு முதல் மறுவிற்பனை வரை எல்லாவற்றிலும் தொல்லை வரும்.

மூன்றாவது மகாரெரா எண். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பில்டரின் பெயர், நிலத்தின் விவரம், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் தெரியும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் கட்டிடத்துக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டிடத்துக்கும் இந்தப் பதிவு கட்டாயம் இல்லை. அத்தகைய சிறிய கட்டிடங்களில் மற்றக் காகிதங்களை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குபவருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், பில்டர் தம் செலவிலேயே சரி செய்து தர வேண்டும்.

அளவும் முக்கியம். விலை பேச வேண்டியது "கார்ப்பெட் ஏரியா" கணக்கில்தான். வீட்டுக்குள் நடமாடப் பயன்படும் தரைப் பரப்பு அது. வெளிச் சுவரும் பால்கனியும் அதில் சேராது. படிக்கட்டையும் லிப்டையும் சேர்த்துச் சொல்லும் "சூப்பர் பில்ட்-அப்" கணக்கைக் கேட்டு மயங்கக் கூடாது.

பழைய பிளாட் என்றால்

பழைய பிளாட்டில் முதலில் போக வேண்டிய இடம் சொசைட்டி அலுவலகம். பங்குச் சான்றிதழில் விற்பவரின் பெயர் இருக்கிறதா? பராமரிப்புப் பாக்கி உண்டா? பிளாட்டின் மீது வங்கிக் கடன் இருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறதா? இந்த மூன்றையும் செயலாளரிடம் நேரில் கேட்க வேண்டும்.

முதல் உரிமையாளர் பில்டரிடம் வாங்கிய நாள் தொட்டு இன்று வரை கைமாறிய எல்லா ஒப்பந்தங்களும் சங்கிலி போல இருக்க வேண்டும். ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் வங்கி கடன் தரத் தயங்கும். பதிவான ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் "இன்டெக்ஸ் டூ" என்ற ஒரு பக்கச் சுருக்கம் உண்டு. விற்றவர் யார், வாங்கியவர் யார், என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவுத் துறையிலிருந்து அதைத் தாமே எடுத்துப் பார்ப்பது நல்லது.

பெயர் மாற்றத்துக்கு சொசைட்டி கேட்கும் தொகைக்கும் வரம்பு உண்டு. மாநகராட்சிப் பகுதிகளில் மாற்றப் பிரீமியம் 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. "நன்கொடை" என்ற பெயரில் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பகடி வீடு என்றால் அது சொந்த வீடல்ல, வாடகை உரிமைதான். வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் அந்த உரிமை கைமாறாது. குடிசைப் பகுதியில் அறை வாங்குகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சீரமைப்புத் திட்டத்தில் மாற்று வீடு கிடைப்பது, அரசு குறித்த தேதிக்கு முன் அங்கே குடியிருந்ததற்கான சான்றைப் பொறுத்தது. "நிச்சயம் பிளாட் வரும்" என்று விற்பவர் சொல்லும் வாய்வார்த்தை சான்றாகாது.

கைப்பணம் எவ்வளவு?

விலையை மட்டும் கணக்குப் போட்டு இறங்குகிறவர்கள் பாதி வழியில் திணறுகிறார்கள். 50 லட்சம் ரூபாய் பிளாட் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 40 லட்சம்தான் கடன் தரும். மீதி 10 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். மும்பை மாநகருக்குள் முத்திரைத் தீர்வை 6 சதவீதம் என்றால் 3 லட்சம். பதிவுக் கட்டணம் 30,000. ஆக, வீட்டுக்குள் காலடி வைக்கும் முன் 13 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வேண்டும். ஏஜெண்ட் கமிஷனும் வக்கீல் கட்டணமும் இதில் சேரவில்லை. மும்பைக்கு வெளியே சில மாநகராட்சிகளில் தீர்வை 7 சதவீதம். பெண்கள் பெயரில் வாங்கினால் 1 சதவீதம் சலுகை உண்டு. மனைவி பெயரில் வாங்குவது பற்றி வீட்டில் பேசி முடிவு செய்யலாம்.

முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோதான் கொடுக்க வேண்டும். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு நாளை சாட்சி யார்?

மராத்தி தெரியாதா?

தமிழர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நிலத்தின் "சாத்-பாரா" பதிவேடும் இன்டெக்ஸ் டூவும் மராத்தியில் இருக்கும். ஏஜெண்டே படித்துச் சொல்வார். விற்பவருக்கும் அவரேதான் ஏஜெண்ட்! இங்கே பள்ளியில் படித்த மகனோ மகளோ மராத்தி நன்றாகப் படிப்பார்கள். முதலில் அவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். பிறகு தாமே அமர்த்திய வக்கீலிடம் கொடுத்து, உரிமை சரியாக இருக்கிறது என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

ஊரில் ஒரு வீடு

இங்கே வேலை, ஊரில் கோடை விடுமுறைக்கும் கோவில் கொடைக்கும் போய்த் தங்க ஒரு வீடு. இந்த ஆசை இல்லாத மும்பைத் தமிழர் குறைவு. பத்து நாள் லீவில் போய் மனை பார்த்து, முன்பணம் கொடுத்து, அவசரமாக ரெயில் ஏறுகிறார்கள். இந்த அவசரம் வேண்டாம். தமிழ்நாடு பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும், வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டாவையும் மும்பையிலிருந்தே பார்க்கலாம். மனைப்பிரிவுக்கு முறையான அனுமதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை விதித்தது. அதன் பிறகு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

பவர் பத்திரம் மட்டும் எழுதி வாங்கினால் சொத்து சொந்தமாகாது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லி விட்டது. அண்ணன் தம்பிக்குப் பவர் கொடுக்க நேர்ந்தாலும், பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடுவது, வரி கட்டுவது என்று இன்ன வேலைக்கு மட்டும் என வரையறுத்துக் கொடுக்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் உறவினரைக் குடி வைப்பது நல்லதுதான். ஆனால் அனுமதியின் பேரில் இருக்கிறார் என்பதை எழுதி வாங்க வேண்டும். தனக்கே சொந்தம் என்று ஒருவர் 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தால், உரிமையாளர் வழக்குப் போட்டு மீட்கும் காலம் கடந்துவிடும். வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் உரிமையாளர் பெயரிலேயே வந்துகொண்டிருக்க வேண்டும். "எங்களை நம்பவில்லையா?" என்று மனத்தாங்கல் வரலாம். பிற்காலத்தில் கோர்ட்டு வாசலில் நிற்பதைவிட இன்று கொஞ்சம் மனத்தாங்கல் பரவாயில்லை.

இத்தனையும் பார்த்து முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். வக்கீலுக்குச் சில ஆயிரம் செலவாகும். அதற்குள் ஏஜெண்ட் பத்து முறை போன் செய்வார். நாளைக்கு இந்த விலை கிடையாது என்பார். போகட்டும். இன்னொரு வீடு வரும். பிராவிடண்ட் பணம் இன்னொரு முறை வராது!