சாலையில் ஒரு ஸலாம்
லாரி ஓட்டுநர்களின் சைகையும் நமது கடமையும்



பேரிகை என்னும் சொல்லுக்குப் பெருமுரசு என்பது பொருள். முற்காலத்தில் ஊராருக்குச் செய்தி அறிவிக்க வேண்டுமாயின் முரசறைந்தார்கள். தொலைவில் இருப்பவனும் அந்த ஒலியைக் கேட்டு, வருவது விழாவா, ஆபத்தா எனத் தெரிந்துகொண்டான். அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் பேரிகை என்னும் ஊர், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையோரத்தில் இருக்கிறது. பாகலூர் வழியாக ஒசூருக்கும், சூளகிரி வழியாகத் தேசிய நெடுஞ்சாலைக்கும் செல்லும் சாலைகள் இங்கே உண்டு. எல்லையைத் தாண்டினால் மாலூர் வட்டம். தக்காளியும் கோசும் ரோஜா மலரும் கிரானைட் கல்லும் இந்தப் பகுதியிலிருந்து இரவும் பகலும் லாரிகளில் ஏறிச் செல்கின்றன.

இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கின்றன. நெடுஞ்சாலைக்குச் சென்றாலோ பஞ்சாப்காரரும் ராஜஸ்தான்காரரும் மலையாளியும் நாமக்கல்காரரும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாகச் செல்கின்றனர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் நெடுஞ்சாலை அல்லவா அது! முன்பு 7ஆம் எண்ணால் அறியப்பட்ட இந்தச் சாலையில் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் முகம் மற்றவருக்கு ஒரு கணத்திற்கு மேல் தெரியாது. எனினும் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். விளக்கால் பேசுகிறார்கள், கையால் பேசுகிறார்கள், ஒலிப்பானால் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைப் பற்றியே இக்கட்டுரை.

விளக்கின் மொழி

இரவில் எதிரே லாரி வருகிறது. தொலைவிலேயே ஓட்டுநர் தம் முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்துகிறார். 'டிம் அடித்தல்' என்று நாம் சொல்வது இதைத்தான். எதிரில் வருபவரும் தாழ்த்துகிறார். ஒருவர் தாழ்த்தி மற்றவர் தாழ்த்தாவிடில், ஒருமுறை ஒளியை உயர்த்தித் தாழ்த்தி நினைவூட்டுகிறார். கடந்து செல்லும் நொடியில் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கை சற்றே உயர்கிறது. 'நலமாகப் போய் வா' என்பதே அதன் பொருள்.

பின்னால் வரும் வண்டி முந்த விரும்பினால், முன்னால் செல்பவர் இடப்புறம் ஒதுங்கி வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக அசைத்து வழி விடுகிறார். இதனைச் 'சைடு கொடுத்தல்' என்கிறோம். முந்திச் சென்றவர் ஒருமுறை ஒலிப்பானை மெல்ல அழுத்தி நன்றி சொல்கிறார். எதிரே வருபவர் இருமுறை விளக்கைச் சிமிட்டி, கையைக் கீழ்நோக்கி அசைத்தால், 'மேலே ஏதோ விபத்து. வேகத்தைக் குறை' என்பது செய்தி.

இவற்றுள் சில வெறும் வழக்கங்கள் அல்ல. சட்டத்திலும் இடம் பெற்றவை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில், பின்னால் வருபவரை முந்துமாறு அழைக்கும் அந்தக் கையசைவே எழுதப்பட்டிருந்தது. வேகத்தைக் குறைக்கப் போகிறவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் கையை மேலும் கீழும் அசைக்க வேண்டும் என்றும், தம்மை மற்றவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டலாகாது என்றும் அதில் விதிக்கப்பட்டிருந்தது. 2017இல் அவ்விதிமுறைகளுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்தன.

அந்தப் பழைய விதிமுறையில் சிந்திக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. குறுகிய மலைப்பாதையில் இறங்கி வரும் வண்டி ஓரமாக நின்று, ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏன்? பாரம் சுமந்து ஏறுபவன் இடையில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். எளிதாக இருப்பவன் சிரமப்படுபவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஸலாமின் ஒழுங்கு

இந்த அடிப்படை நமக்குப் புதியதா? இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸலாம் சொல்வதற்கு ஓர் ஒழுங்கைக் கற்றுத் தந்தார்கள். வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டத்தினர் பெருங்கூட்டத்தினருக்கும் முதலில் ஸலாம் உரைக்க வேண்டும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. உயரத்தில் இருப்பவரும் வேகமாகச் செல்பவரும் முதலில் பணிய வேண்டும் என்பது இதன் உட்பொருள். வாகனம் மனிதனுக்குத் தரும் பெருமிதத்தை ஸலாம் உடைத்துவிடுகிறது.

இன்று இதனைப் பொருத்திப் பாருங்கள். பத்துச் சக்கர லாரி, மிதிவண்டிக்காரருக்கு வழிவிட வேண்டும். கார், இரு சக்கர வாகனத்திற்கு வழிவிட வேண்டும். இரு சக்கர வாகனம், சாலையைக் கடக்கும் தாய்க்கும் மதரஸாவுக்குச் செல்லும் குழந்தைக்கும் வழிவிட வேண்டும். நமது சாலைகளில் நடப்பது என்ன? பெரியது வந்தால் சிறியது ஒதுங்க வேண்டும் என்பதே எழுதப்படாத சட்டமாகிவிட்டதை மறுப்பதற்கில்லை.

சாலைக்கும் உரிமைகள் உண்டு என்று அறிவித்த மார்க்கம் நம்முடையது. வழியோரத்தில் அமர்வோர் பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும், ஸலாமுக்குப் பதிலுரைப்பதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த உரிமைகள் என அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி நமக்குச் சொல்கிறது. அமர்ந்திருப்பவருக்கே இத்தனை கடமைகள் என்றால், பல டன் பாரத்துடன் அதே வழியில் ஓடுபவருக்கு எத்தனை இருக்கும்! எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் விளக்கைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருத்தலின் இக்கால வடிவம் அல்லவா?

சைகை ஓர் அமானிதம்

முன்னால் செல்லும் லாரியின் ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு எதிர்ச்சாலை தெரிகிறது. பின்னால் வரும் காருக்குத் தெரிவதில்லை. 'வா, முந்திச் செல்' என்று அவர் காட்டும் சைகையை நம்பி ஒரு குடும்பமே எதிர்ப்பக்கச் சாலையில் நுழைகிறது. அந்த ஒரு நொடியில் அவர் அவர்களுடைய கண்ணாகிறார். ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்பது நபிவழி. ஆகவே, பார்க்காமல் காட்டப்படும் சைகை அமானித மோசடிக்கு ஒப்பாகும்.

அதே சமயம், சைகையைப் பெறுபவருக்கும் கடமை உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுபவர், தம் கண்ணாலும் பார்த்த பிறகே முந்த வேண்டும்.

ஏனெனில் இந்த மொழிக்கு எங்கும் ஒரே அகராதி இல்லை. லாரி வலப்புற இண்டிகேட்டரை எரியவிட்டால் 'நான் வலப்புறம் திரும்புகிறேன்' என்பது சட்டப்படியான பொருள். சிலரோ அதையே 'வலப்புறமாக என்னை முந்திக்கொள்' என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. தவறாகப் புரிந்துகொண்டால் விலை உயிர்தான். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டுச் சந்திப்பில் நேராகச் செல்வதும் இத்தகைய குழப்பமே. பழுதாகி நிற்கும் வண்டிக்கு உரிய விளக்கு அது.

எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் நமது நாட்டில் பெரும்பாலும் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். பிரிட்டனிலோ பலர் அதை 'நீ முதலில் வா' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டின் சாலை விதிநூல், 'நான் இங்கிருக்கிறேன்' என்று உணர்த்துவதற்கு மட்டுமே விளக்கைச் சிமிட்ட வேண்டும் என்றும், பிறர் சிமிட்டுவதை அழைப்பாகக் கருதிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல நான்கு விளக்குகளையும் ஓரிரு முறை மின்னச் செய்யும் வழக்கம் உண்டு. மொழி வேறு, ஆனால் நன்றி சொல்லும் உள்ளம் எங்கும் ஒன்றே.

கல்லும் தழையும்

நமது பகுதியில் லாரி பழுதாகி நின்றால், கிளீனர் இறங்கி மரக்கிளையை ஒடித்துப் பின்புறம் சாலையில் வைப்பார். வரிசையாகச் சில கற்களையும் வைப்பார். தழையைக் கண்டவுடன் 'முன்னால் வண்டி நிற்கிறது' எனப் பின்வருபவர் உணர்ந்துகொள்வார். பகலில் இது உதவும். இரவில் ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு முக்கோணமே உயிர் காக்கும்.

ஆனால் பழுது நீங்கியதும் என்ன நடக்கிறது? லாரி கிளம்பிவிடுகிறது, கற்கள் அங்கேயே கிடக்கின்றன! அதிகாலையில் பால் கேனுடன் வருபவரும், இரவுப் பணி முடித்துச் சிப்காட்டிலிருந்து திரும்பும் இளைஞரும் அந்தக் கல்லில் மோதி விழுகிறார்கள். பிறரைக் காக்க வைத்த கல்லே பிறரைக் கொல்லும் கல்லாகிறது. வழியில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற நபிமொழியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அப்படியானால் தான் வைத்த கல்லைத் தானே அகற்றாமல் செல்பவர், எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் நன்மையை இழக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

எதற்கு எச்சரிக்கை?

விபத்து, பள்ளம், மேயும் மாடு, பழுதான வண்டி ஆகியவற்றைப் பற்றி எதிரே வருபவரை எச்சரிப்பது நன்மையில் உதவுவதாகும். 'முன்னால் சோதனை நடக்கிறது' என்று சிமிட்டி, அளவுக்கு மீறிய பாரமேற்றியவரையும் குடித்துவிட்டு ஓட்டுபவரையும் தப்பவைப்பது எதில் சேரும்? நன்மையிலும் இறையச்சத்திலும் உதவுங்கள், பாவத்தில் உதவாதீர்கள் என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் (5:2) போதிக்கிறது. அந்தக் குடிகாரர் அடுத்த ஊரில் மோதப்போவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 ஜனாஸாக்கள்! நமக்கு அருகிலுள்ள தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வண்டிகள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் பலியானதை மறந்துவிட முடியாது. நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கினால், முழுச் சுமையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியதாகிறது; அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. தாழ்ந்த கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

விபத்தைக் கண்டால் 'சாட்சிக்கு இழுப்பார்களோ' என்று அஞ்சி விலகுவோரும் உள்ளனர். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு உரிமையியல், குற்றவியல் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க வழிசெய்தது. தயங்காமல் 108ஐ அழையுங்கள்.

அரஃபாவிலிருந்து ஒரு சைகை

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. இறுதி ஹஜ். அரஃபாவிலிருந்து மக்கள் வெள்ளம் முஸ்தலிஃபாவை நோக்கித் திரும்புகிறது. பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தமும் கூச்சலும் எழுகின்றன. அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் மக்களை நோக்கிச் சைகை செய்து, நிதானத்தைக் கடைப்பிடிக்குமாறும், விரைவதில் நன்மை இல்லை என்றும் உணர்த்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. ஒட்டகத்தை அடிக்கும் சாட்டை, அன்று அமைதியின் சைகையாயிற்று!

ஒலிப்பானை ஓயாமல் அழுத்தும் நண்பர்கள் இதைச் சிந்திக்கட்டும். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், நடையில் நடுநிலையையும் குரலில் தாழ்வையும் வலியுறுத்தி, கழுதையின் குரலை வெறுக்கத்தக்கதாகச் சுட்டியதைத் திருக்குர்ஆன் (31:19) எடுத்துரைக்கிறது. பள்ளிவாசலையும் மருத்துவமனையையும் கடக்கும்போது அலறும் பலகுரல் ஒலிப்பானைச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

வீட்டாருக்கு ஒரு சொல்

தாய்மார்களே! சகோதரிகளே! ஒசூரில் 1980 முதல் லாரிகள் உற்பத்தியாகின்றன. அவற்றை ஓட்டும் பிள்ளைகளோ நம் வீடுகளில் இருக்கிறார்கள். 'லாரி டிரைவருக்கா பெண் கொடுப்பது?' என்று முகம் சுளிக்கும் சமுதாயம், அவர் கொண்டுவந்த அரிசியையும் தக்காளியையும் முகம் சுளிக்காமல் உண்கிறது. ஹலாலான உழைப்பை இழிவாகப் பேசுவது நமக்கு அழகல்ல.

ஓட்டுநரின் துணைவியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வண்டியை ஓட்டும் நேரத்தில் கைபேசியில் அழைக்காதீர்கள். வீட்டுக் கவலையையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் அவர் வண்டியை நிறுத்திவிட்டு அழைக்கும்போது பேசுங்கள். தொழுகைக்கும் உணவுக்கும் உறக்கத்திற்கும் நிறுத்தச் சொல்லி அனுப்புங்கள். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை விரைவாக ஓட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், கண்ணாடிப் பாத்திரங்களைச் சுமந்து செல்வது போல் மெல்ல ஓட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நினைவூட்டுங்கள். சாலையில் செல்லும் ஒவ்வோர் உயிரும் எவரோ ஒருவருடைய கண்ணாடிப் பாத்திரம்தான்.

வாசகர்களே! அடுத்த முறை ஒரு லாரி உங்களுக்கு வழிவிட்டால், கையை உயர்த்தி நன்றி சொல்லுங்கள். வாழ்த்துக் கூறப்பட்டால் அதைவிட அழகாகவோ அதே அளவிலோ திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது இறைக்கட்டளை (4:86). நம் கையசைவைப் பெறும் அந்த ஓட்டுநர் எந்த ஊரினராயினும், எந்தச் சமயத்தவராயினும், நாமும் அவரும் ஒரே வழியின் உரிமையைப் பேண வேண்டிய பயணிகளே.

பயணம் செல்வோர் அனைவரையும் வல்ல அல்லாஹ் தத்தம் குடும்பத்தாரிடம் நலமாகக் கொண்டு சேர்ப்பானாக! ஆமீன்.