மலைநீரும் கொட்டியாரக் குடாவும்

கடுகண்ணாவைக் கணவாயில் பெய்யும் மழை இரு கூறாகப் பிரிகின்றது. மேற்குச் சரிவில் வீழும் நீர் மகா ஓயாவைச் சேர்ந்து, கொச்சிக்கடைக்கு அருகே மேல்கடலிற் கலக்கின்றது. கிழக்கே வீழ்வதோ மகாவலி கங்கையை அடைந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் புகுகின்றது. ஆதலின் மலைநாட்டாருக்கு அக்குடா முற்றிலும் அயலான நீர்நிலை அன்று. தம் ஊர் மழை சென்றடையும் இடமே அது.

வரலாறும் இவ்விரு இடங்களையும் இணைத்துள்ளது. 1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினத்திற் புயலால் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்த்தற்பொருட்டு இக்குடாவில் நங்கூரமிட்டது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்சையும் சிறைபிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். நொக்சு தம் சிறைக்காலத்தின் பிற்பகுதியைக் கடுகண்ணாவைக்கு அண்மையிலுள்ள எலதெத்தவிற் கழித்தார். 1679இல் தப்பியபோது அவர் நடந்தே சென்று அரிப்புக் கோட்டையை அடைந்தார்.

மலையிலிருந்து குடா வரை மகாவலியிற் படகேறிச் செல்லுதல் இயலாது. பாறைகளும் நீர்வீழ்வுகளும் முன்னரே தடுத்தன. 1985இல் நிறைவுற்ற விக்டோறியா அணை போன்றவை இப்போது குறுக்கே நிற்கின்றன. எனவே படகோட்டும் கலை குடாவிலேயே வளர்ந்தது.

அக்குடாவின் அடித்தளம் ஒரு சீரானதன்று. ஆற்று வண்டல் படிந்த கரையோரம் ஆழமற்றது. அங்கே மரக்கோலை ஊன்றித் தோணியைத் தள்ளுவர். சிறிது அப்பாற் சென்றால் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று மிக ஆழமாக இறங்குகின்றது. அங்கே கோல் எட்டாது. துடுப்பும் பாயும் இயந்திரமுமே துணை. துடுப்பு வலிப்போர் கையின் வலிமையை மட்டும் நம்பலாகாது. இடுப்பைத் திருப்பி, அலகு முழுதும் நீரில் அமிழ வலித்தால் நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்லலாம்.

ஆயினும் துடுப்பினும் முதன்மையானது காற்றை அறிதல். மே முதல் செப்தெம்பர் வரை கடல் அமைதியாகத் தோன்றும். அப்போது வீசும் கச்சான் நிலத்திலிருந்து கடல் நோக்கிச் செல்வதாகும். கரையோரம் அலை எழாது. ஆனால் சிறு படகை அது மெல்ல மெல்ல வெளியே கொண்டு போய்விடும். அறிந்தவர் அதிகாலையிற் புறப்பட்டு, முதலிற் காற்றை எதிர்த்து ஓட்டுவர். அப்பொழுதே திரும்பும் வழி எளிதாகும். மாரியிலோ வாடைக் காற்றும் அலையும் கரை நோக்கி வர, மலைநீருடன் பெருகிய ஆறு எதிர்த்துப் பாய்கின்றது. இரண்டும் மோதும் கழிமுகத்தில் அலைகள் செங்குத்தாக எழுந்து உடையும். அக்காலத்தில் சிறு படகுகள் அங்கே செல்லாதிருத்தலே அறிவுடைமை.

அமைதியான நீரிலும் அபாயம் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் அங்கே பாதைப்படகின் தேவை நீங்கிற்று. ஆனால் அயலிலுள்ள குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாதிருந்தமையால், மக்கள் மிதவையிலேயே களப்பைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள் அது கவிழ்ந்து, பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அங்கே பெருங்கடல் இல்லை, பேரலையும் இல்லை.

ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையை வரையறுத்தலும், ஒவ்வொருவருக்கும் மிதப்பு அங்கி அணிவித்தலும், குழந்தைகளுக்கு நீந்தக் கற்பித்தலும் பெருஞ்செலவுடையன அல்ல. குடாவிற் படகேறும் மலைநாட்டார் மறவாதிருக்க வேண்டியது இதுவே: நீரின் அமைதியைக் கண்டு துணியலாகாது; கரையில் வாழ்வோரிடம் அன்றைய காற்றைக் கேட்ட பின்னரே துடுப்பெடுத்தல் வேண்டும்.