இபிசா நகரம்

இபிசா என்பது எசுப்பானியாவின் பலேரிக் தீவுகளில் ஒன்றான இபிசாத் தீவின் முதன்மை நகரமும் துறைமுகமும் ஆகும். இது தீவின் தென்கிழக்குக் கரையில் அமைந்துள்ளது. உள்ளூர்க் காட்டலான் மொழியில் இதன் பெயர் எய்விசா. ஏறத்தாழ 50,000 பேர் வாழும் இந்நகரம், கோடைக்கால இரவு நடன விடுதிகளால் உலகெங்கும் அறியப்படுகிறது. ஆனால் அவ்விடுதிகளின் வரலாறு சுமார் 50 ஆண்டுகளே. நகரத்தின் வரலாறோ ஏறத்தாழ 2,600 ஆண்டுகள்.

பெயர்

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிழக்கு நடுநிலக் கடற்கரையிலிருந்து வந்த பினீசிய வணிகர்கள் இத்தீவில் குடியேறினர். அவர்கள் இட்ட 'இபோசிம்' என்னும் பெயர் 'பெஸ் கடவுளின் தீவு' எனப் பொருள்படும் என்பர். பெஸ், எகிப்தியரின் குள்ள உருவக் கடவுள். வீட்டைக் காப்பவர், இசைக்கும் நடனத்துக்கும் உரியவர். இந்நகரின் பழங்காசுகளில் இவருடைய உருவம் காணப்படுகிறது. உரோமர் இதனை எபுசுசு என்றும், அராபியர் யாபிசா என்றும் அழைத்தனர்.

வரலாறு

பினீசியர் முதலில் தீவின் தென்மேற்கிலுள்ள சா கலேத்தாவில் தங்கினர். பின்னர் நல்ல இயற்கைத் துறைமுகம் இருந்ததால் இன்றைய நகரம் உள்ள இடத்துக்கு இடம்பெயர்ந்தனர். அருகிலுள்ள உப்பளங்கள் நகருக்குச் செல்வம் சேர்த்தன. செசு சலீனெசு எனப்படும் அவ்வுப்பளங்களில் இன்றும் உப்பு எடுக்கப்படுகிறது.

நகரை ஒட்டிய புய்க் தெசு மொலின்சு குன்று பழைய இடுகாடாகும். பாறையைக் குடைந்து அமைத்த 3,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இங்கு உள்ளன. கார்த்தேசியரின் பெண் தெய்வமான தானித்தின் சுடுமண் சிலையும் இங்கு கிடைத்தது.

உரோமர், அராபியர் ஆட்சிகளுக்குப் பின், 1235 ஆகத்து 8 அன்று காட்டலான் படைகள் நகரைக் கைப்பற்றின. இன்றைய மொழியும் கிறித்தவ சமயமும் அதன் வழி வந்தவை. அந்நாள் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

மதில் நகரம்

குன்றின்மேல் உள்ள பழைய நகரம் தால்த் விலா, அதாவது 'மேல் ஊர்', எனப்படும். 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர், கடற்கொள்ளையர் தாக்குதல்களைத் தடுக்க, இத்தாலியப் பொறியாளர் சோவன்னி பத்திசுத்தா கால்வி புதிய மதிலை வடிவமைத்தார். அக்காலத்தில் பீரங்கி பெருகிவிட்டதால் உயரமான மெல்லிய சுவர் பயன்படவில்லை. எனவே சுவர்கள் தடிமனாகவும் சாய்வாகவும் கட்டப்பட்டன. முன்துருத்திய ஏழு கொத்தளங்களிலிருந்து மதிலின் எப்பக்கத்தையும் காவலர் காக்க முடிந்தது.

பண்பாடு

'பால் பாஜெசு' தீவின் உழவர் நடனமாகும். பெரிய மரச் சப்பளாக்கட்டைகளை ஒலித்தபடி ஆண் துள்ளி ஆடுவார். பெண் சிறு அடிகளாக வைத்து வட்டமிடுவார். பெண்கள் 'எம்பிரெந்தாதா' என்னும் அடுக்குமாலையை மார்பில் அணிவர். புதினா சேர்த்த பாலாடைக்கட்டிப் பணியாரமான 'பிளாவோ' புகழ்பெற்ற உணவாகும்.

இரவு வாழ்க்கை

1960களில் ஐரோப்பா, அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து இப்பிகளும் கலைஞர்களும் வந்தனர். 1973-இல் பாச்சா நடன விடுதி திறக்கப்பட்டது. 1987-இல் இங்கு வந்த பிரித்தானிய இசைத்தட்டுக் கலைஞர்கள் சிலர், தாம் கேட்ட கலப்பு இசைப் பாணியை இலண்டனுக்குக் கொண்டுசென்றனர். அதன்பின் தீவின் புகழ் பன்மடங்கு பெருகியது.

பாதுகாப்பும் சிக்கல்களும்

1999-இல் யுனெசுக்கோ தால்த் விலா, புய்க் தெசு மொலின்சு, சா கலேத்தா ஆகியவற்றையும் கடலடிப் பொசிடோனியாப் புல்வெளிகளையும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இப்புல் மணலைப் பிடித்து நிறுத்தி, மீன்களுக்கு இருப்பிடமும் தருகிறது. உல்லாசப் படகுகளின் நங்கூரம் இதனை வேரோடு பெயர்ப்பதால், 2018-இல் பலேரிக் அரசு இதன்மீது நங்கூரமிடத் தடை விதித்தது.

சுற்றுலா வேலைவாய்ப்பைத் தந்தாலும் வீட்டு வாடகையையும் உயர்த்தியுள்ளது. கோடையில் பணிக்கு வருவோர் சிலர் வண்டிகளிலும் கூடாரங்களிலும் தங்க நேர்கிறது. ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் வீடு கிடைக்காமல் பணியிடத்தை ஏற்கத் தயங்குகின்றனர். பயணிகளை வரவேற்றுக்கொண்டே உள்ளூர் மக்கள் வாழும் ஊராகவும் நிலைப்பது இந்நகரின் இன்றைய பெருஞ்சிக்கலாகும்.