26 விநாடிகள்

“மாமா, குண்டு போட்டுட்டன், கப்பல் முடிஞ்சி!” என்று மருமகன் கத்தினான்.

கரம் போர்டைக் கவிழ்த்து, முதுகில் சோக்கால் கட்டம் கீறி, நாங்களே கட்டிய வான்சண்டை விளையாட்டு அது. அவனது இலகு குண்டுவீச்சு விமானம் ஒரு சோடா மூடி. என் கப்பல் ஒரு தீப்பெட்டி. கட்டையில் ஆறு விழுந்தால் கப்பல் அந்த இடத்திலேயே தாழும். எனக்கு அந்த விதிதான் உறுத்தியது. போட்ட குண்டு உடனே விழுந்துவிடுமா என்ன?

இலங்கையின் கிழக்கில், எங்கள் கல்முனைக்கு அப்பால் கடலில், 1942 ஏப்ரல் 9 காலையில் இதற்கு விடை கிடைத்தது. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கியிருந்த பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் படையணி பிளென்ஹைம் விமானங்களை அனுப்பியது. இரண்டு எஞ்சின், மூன்று பேர், சுமார் 450 கிலோ குண்டு. இலகு ரகம் என்றால் அவ்வளவுதான். அவற்றில் ஒன்பது, ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தேடிப்பிடித்தன. அந்தக் கப்பல்களில் ராடார் இல்லை. அகாகி கப்பலைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டபோதுதான் மேலே ஆள் இருப்பதே தெரிந்தது. அப்படியிருந்தும் ஒரு குண்டுகூடப் படவில்லை.

விமானங்கள் பறந்தது 11,000 அடியில், அதாவது ஏறக்குறைய 3,350 மீற்றரில். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அங்கிருந்து விழ 26 விநாடி வேண்டும். பெரிய குண்டு, சின்னக் குண்டு என்ற பாரபட்சம் ஈர்ப்புவிசைக்குக் கிடையாது. அதோடு குண்டு நேர்கீழே விழுவதுமில்லை. விமானத்தின் வேகத்தையும் கொண்டுபோகிறது. மணிக்கு 300 கிலோமீற்றரில் தெற்கு நோக்கிப் பறந்தபடி கல்முனை பஸ் நிலையத்துக்கு மேலே கைவிட்டால், அது தெற்கே உள்ள சாய்ந்தமருதுப் பக்கம்தான் போய் இறங்கும். அதற்குள் 30 நொட் வேகத்தில் ஓடும் கப்பல் 400 மீற்றர் நகர்ந்துவிடும். அகாகியின் நீளமோ சுமார் 260 மீற்றர். ஆக, குண்டு போடுபவன் குறிவைப்பது கப்பலை அல்ல, கப்பல் வரப்போகும் வெறுந்தண்ணீரை. இடையில் சுக்கானைத் திருப்பினால் எல்லாக் கணக்கும் பாழ்.

அதே காலை மட்டக்களப்புக்கு அப்பால், தன் விமானங்கள் இல்லாமல் தனித்துப்போன பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மீது ஜப்பானிய விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்தன. பாய்ந்து வந்து அரைக் கிலோமீற்றர் உயரத்தில் விட்டால், குண்டு விழ நான்கு விநாடிதான். கப்பல் தன் நீளத்தில் பாதிகூட நகராது. அடுத்தடுத்துக் குண்டுகள் பட்டு, ஹெர்மிஸ் சில நிமிடங்களில் மூழ்கியது.

பிளென்ஹைம்களை ஜப்பானியரின் ஸீரோ சண்டை விமானங்கள் துரத்தின. மணிக்கு நூறு கிலோமீற்றர் கூடுதல் வேகத்தை ஓடி வெல்ல முடியாது. நான்கு அங்கேயே வீழ்ந்தன. திரும்பும் வழியில் இன்னொன்று. நான்கு மட்டும் கொழும்பு சேர்ந்தன.

விதியை மாற்றினோம். குண்டு போட்டால் குறித்த கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். கப்பல் இரண்டு முறை நகர்ந்த பிறகுதான் கட்டை உருட்டலாம். மருமகன் வரிசையாக ஏழு கொட்டைகளைத் தண்ணீரில் போட்டான். அடுத்த ஆட்டத்தில் சோடா மூடியை என்னிடம் தள்ளிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டான்.