வகுப்பறைக்கு எந்த மெய்நிகர் உலகம்?

மெய்நிகர் உலகம் என்றதும் கண்ணில் மாட்டும் கருவிதான் பலருக்கு நினைவு வருகிறது. அது கட்டாயமில்லை. சாதாரணக் கணினித் திரையிலேயே மாணவர்கள் அவதாராக, அதாவது தங்களைக் குறிக்கும் உருவமாக, உள்ளே நுழைந்து நடக்கலாம், பேசலாம், கட்டலாம்.

கல்லூரிகளை இந்தப் பக்கம் இழுத்தது 2003-ல் அமெரிக்காவின் லிண்டன் லேப் தொடங்கிய செகண்ட் லைஃப். பக்கத்துக்கு 256 மீட்டர் கொண்ட சதுர நிலத்தை வாடகைக்கு எடுத்து, பல்கலைக்கழகங்கள் அரங்கங்களும் ஆய்வகங்களும் எழுப்பின. 2010-ல், கல்வி நிறுவனங்களுக்கான பாதி விலைச் சலுகை இனி கிடையாது என்று அறிவிப்பு வந்தது. 2013-ல் சலுகை திரும்பியது. அதற்குள் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த மூட்டையில்தான் சிக்கல். முழுக்கத் தாங்களே செய்த பொருளைத்தான் வெளியே எடுக்க முடியும். செகண்ட் லைஃபின் சந்தையில் வாங்கிய நாற்காலி அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே ஒரு தளத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது வெளியேறும் வழியை. படத்தின் அழகெல்லாம் அப்புறம்தான்.

2007-ல் வந்த ஓப்பன்சிமுலேட்டர் இதில் தெம்பானது. செகண்ட் லைஃபைப் போலவே இருக்கும். ஆனால் கட்டற்ற மென்பொருள், நம் சர்வரிலேயே ஓடும். 'சேவ் ஓஏஆர்' என்று ஒரு கட்டளை தட்டினால் மேடுபள்ளம், கட்டடம், அவற்றை இயக்கும் நிரல் எல்லாம் ஒரே கோப்பாகச் சுருண்டுவிடும். வேறொரு சர்வரில் விரித்துக்கொள்ளலாம். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத கல்லூரி இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு (2016) பொருத்தம். அந்நியர் நுழைய முடியாது. ஆசிரியர் எல்லைக் கட்டைகளை வரிசையாக வைத்துவிட்டால் மாணவர் அதைத் தாண்ட இயலாது. வேதியியல் பாடத்துக்கென ஒரு மேசை உண்டு: ஆறு புரோட்டான், ஆறு நியூட்ரான், ஆறு எலக்ட்ரான் வைத்தால் கார்பன் கையில் வரும். செய்த உலகத்தைக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். உரிமத்துக்குக் காசு உண்டு.

பெரிய நிறுவனத்தின் பெயரை நம்பி இறங்குவதும் ஆபத்து. மைக்ரோசாஃப்ட் தன் மெய்நிகர் சந்திப்புத் தளமான ஆல்ட்ஸ்பேஸ்விஆரை 2023-ல் மூடியது; மொசில்லா அதே வகையான தன் ஹப்ஸ் சேவையை 2024-ல் நிறுத்தியது. ஹப்ஸின் மூல நிரல் திறந்திருந்ததால் அதை மட்டும் மற்றவர்கள் எடுத்து நடத்த முடிகிறது.

இணைய இணைப்பு தள்ளாடும் பள்ளி என்றால் லுவான்டியைப் பார்க்கலாம். மைன்டெஸ்ட் என்பது அதன் பழைய பெயர். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஆய்வகத்துக் கணினிகளைத் தங்களுக்குள் இணைத்தாலே வகுப்பு நடத்தலாம். மாணவர்கள் கட்டிய உலகம் மொத்தமும் ஒரு ஃபோல்டரில் அடங்கும். பென்டிரைவில் போட்டுக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாம்.