மறித்த பீங்கான், மோப்பம் பிடிக்கும் பீங்கான்

மதுரைக்காரர்களுக்குப் பைக்காரா என்பது பழங்காநத்தத்தை அடுத்த பஸ் ஸ்டாப். நீலகிரியின் பைக்காராவில் 1930களில் உற்பத்தியாகத் தொடங்கிய மின்சாரத்தின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது. கரண்ட் போன இடமெல்லாம் பீங்கானும் போனது: கம்பத்தில் வெள்ளைக் கப்பாக, வீட்டில் ஃபியூஸ் கட்டையாக. எங்கள் வீடு மட்டும் இருண்டால், அப்பா டார்ச்சை என்னிடம் தந்துவிட்டுக் கட்டையை உருவுவார். “பீங்கான்ல கரண்ட் ஏறாதுடா” என்பார். எங்கள் தலைமுறை பீங்கானை அறிந்தது அப்படித்தான்.

பைக் பட்டறையிலும் அதே கதை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான், ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கி மறிக்கும். கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் அதன் நுனியின் நிறத்தைப் படிப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் காற்று கூடுதல். காபித்தூள் நிறமென்றால் திருப்தி. அபாரமான கண் அது. ஆனால் சர்வீஸுக்கு வரும் அன்று மட்டுமே அது வண்டியைப் பார்த்தது. மற்ற நாள் புகையெல்லாம் காளவாசல் சிக்னலில் நின்றவர்கள் நெஞ்சுக்குள் போனது. காளவாசல் என்றாலே சூளைதான்; எங்களுக்கு அது புகைச்சூளையாகவே இருந்தது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புது பைக்குகளின் சைலன்சர் பைப்பில் இப்போது ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. அதன் உயிர், சிர்கோனியா என்ற பீங்கான். சிர்கோனியம் இருக்கவேண்டிய சில இடங்களில் இட்ரியத்தை வைத்துச் சுட்டால், ஆக்ஸிஜன் இருக்கைகள் சில காலியாகிவிடும். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும், நெரிசலான டவுன் பஸ்ஸில் காலி சீட்டுக்கு ஆள் நகர்வதுபோல, ஆக்ஸிஜன் அயனிகள் அந்த இடங்களுக்குத் தாவித் தாவிப் பாயும். வெளிக்காற்றுக்கும் புகைக்கும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசம் வோல்ட்டாக மாறும்: பெட்ரோல் கூடினால் 0.9 அளவில், காற்று கூடினால் 0.1 அளவில். ஓட ஓடவே எஞ்சின் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வேண்டுமென்றே வைத்த குறைதான் இந்தப் பீங்கானைக் கடத்தியாக்கியது. 1890களின் இறுதியில் ஜெர்மனியில் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி இதே இனக் கலவையால் விளக்கு எரித்தார் என்பது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றின் பேட்டரியிலும் சூளையில் சுட்ட பொருள் உண்டு: லித்தியம், நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த ஆக்ஸைடு. அத்தகைய பேட்டரிகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்டது அது.

எங்கள் பட்டறை அண்ணன் இன்றும் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்க்கிறார். பிறகு ஸ்கேனரைச் செருகி, சென்சார் என்ன சொல்கிறது என்று கேட்கிறார்.