அட்டையை வெட்டுவதற்கு முன்

ஆடி பிறந்துவிட்டால் தருமபுரியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரே கேள்வியோடு பல பெண்கள் வருவார்கள். "அக்கா, பால்குடம் எடுக்கணும். டேட்டைத் தள்ளிப்போட மாத்திரை இருக்கா?" கேட்கக் கூச்சப்படுபவர்கள் தம்பியிடம் பழைய அட்டையைக் கொடுத்தனுப்புவார்கள்.

அந்த மாத்திரை நோரெத்திஸ்டிரோன், 5 மி.கி. மாதவிலக்குக்கு முன் உடலில் புரோஜெஸ்டிரோன் குறையும்போதுதான் கருப்பையின் உட்படலம் உதிர்கிறது. மாத்திரை அந்தக் குறைவை ஈடுகட்டி உதிராமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் டேட்டுக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். முந்தின நாள் இரவு ஓடிவந்து வாங்குவதில் பயனில்லை. நிறுத்திய 2, 3 நாளில் விலக்கு வந்துவிடும். தலைவலி, குமட்டல், மார்பில் வலி, வயிற்று உப்புசம் வரலாம். பெரும்பாலும் மாத்திரையோடு போய்விடும்.

ஆனால் இதில் ஒரு சிறு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜெனாக மாற்றுகிறது. கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், கண்முன் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இவற்றையெல்லாம் மருத்துவர் கேட்காமல் விடமாட்டார். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுப்பவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாமலும் போகலாம். சீட்டு இல்லாமல் வந்தால் நான் கொடுப்பதில்லை. "போன தடவை கொடுத்தாங்களே" என்று சண்டைக்கு வந்தாலும் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்பது உங்கள் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்து, வயிற்றுவலிக்குக் கேட்கும் மெஃபனமிக் அமிலம். கருப்பையை இறுக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால், வலி தொடங்கியதுமே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் போட்டால் எரிச்சல், சிலருக்குப் புண். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் ஆணையம் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாக, மருந்து தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல் எல்லாம் சேர்ந்து வந்து உள்ளுறுப்புகளையும் பாதிக்கலாம். அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதிக ரத்தப்போக்குக்குத் தருவது டிரானெக்சாமிக் அமிலம். பிரசவ ரத்தப்போக்கில் தாய்மார்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ கணவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட மருந்து. இது ஹார்மோன் இல்லை. உறைந்த ரத்தம் மறுபடி கரையாமல் காக்கிறது. போக்கு அதிகமுள்ள சில நாட்களுக்கு மட்டும்தான். ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வையில் மாற்றம் என்றால் காத்திருக்கக் கூடாது. மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போகிறவர்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது வெட்டிய அட்டைதான். நான்கு மாத்திரை போதும் என்று வாங்கிப் போனதில் பெயரும் இருக்காது, காலாவதி தேதியும் இருக்காது. உடம்பெல்லாம் தடித்துப்போய் வருகிறவரிடம் என்ன போட்டீர்கள் என்று கேட்டால், "வெள்ளை மாத்திரைக்கா" என்கிறார். அந்த ஒரு பதிலை வைத்து எந்த மருத்துவரால் என்ன செய்ய முடியும்? வெட்டும் முன் முழு அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். பக்கவிளைவு வந்தால் நோயாளியே அரசின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். மருந்தின் பெயர், தொடங்கிய நாள், என்ன செய்தது என்று கேட்பார்கள். பேட்ச் எண் அந்தப் படத்திலேயே இருக்கும்.